கிராஃபீன் என்ற பெயருக்கு மயங்கலாமா?

பென்சிலுக்குள் இருக்கிறதே, நாம் காரீயம் என்று தவறாகச் சொல்லிப் பழகிய கிராஃபைட், அது ஓர் அணு கனமே உள்ள ஏடுகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த பொருள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவால் அதை உரித்து உரித்து ஒற்றை ஏட்டைப் பிரித்தார்கள். 2004-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். 2010-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஏடுதான் கிராஃபீன். அதே கனமுள்ள எஃகைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமை! இதில் ஒரு சிட்டிகை சேர்த்தால் பிளாஸ்டிக் இரும்பாகிவிடும் என்று வியாபாரிகள் சொல்லும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

உறுதி கூடும் என்பது பொய்யல்ல. ஆனால் கலப்பதில்தான் சூட்சுமம். கொதிக்கிற தண்ணீரில் ரவையை ஒரேயடியாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேளுங்கள். கிராஃபீன் ஏடுகளும் உருகிய பிளாஸ்டிக்கில் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும். பிறகு அந்தக் கட்டியிலேயே விரிசல் தொடங்கும். கட்டி தட்டாமல் பரவினாலும், வழவழப்பான ஏட்டைப் பிளாஸ்டிக் இறுகப் பற்றவேண்டும். பற்றாவிட்டால் பாரம் ஏட்டுக்குப் போய்ச் சேராது.

இதைவிடப் பெரிய சங்கதி, விற்கிற பொடியே கிராஃபீன்தானா என்பது. பத்து அடுக்கு வரைதான் கிராஃபீன் என்று கணக்கு. 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் பெரும்பாலும் கிராஃபைட் தூள்! ஆய்வில் பங்கெடுத்தவர்களில் நோவோசெலோவும் ஒருவர்.

பெரிய ஆலைகளுக்குச் சொந்தப் பரிசோதனைக்கூடம் உண்டு. இரண்டு மோல்டிங் மெஷினோடு கடனில் பட்டறை நடத்துகிறவர் எங்கே போவார்? பொடியின் அடுக்கைக் காட்டும் ராமன் நிறமாலைச் சோதனையை, சிறு பட்டறைக்காரருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் செய்து தரும் பொறுப்பை அரசுதான் ஏற்கவேண்டும். 1968-ல் சென்னையில் தொடங்கி இன்று பல மாநிலங்களில் கிளை பரப்பியிருக்கும் சிப்பெட் போன்ற நிறுவனத்தை விட்டால் இதற்கு வேறு யார் பொருத்தம்?

அதுவரை தொழில் நடத்தும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். பொடி சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே பிளாஸ்டிக்கில் மாதிரிப் பட்டைகள் வார்த்து, இழுத்தும் அடித்தும் சோதிக்கச் சொல்லுங்கள். இழுவைக்குத் தாங்குவது அடிக்கு உடைவதுண்டு. வாளிக்கும் நாற்காலிக்கும் என்றால் இந்தச் செலவே வேண்டாம். சுண்ணாம்புத் தூளும் கண்ணாடி இழையும் இருக்கின்றன.