படகுக்கு இடம் கொடுங்கள்!

பாம்பனில் கடல் ஒன்று அல்ல, இரண்டு!

வடக்கே பாக் ஜலசந்தி. தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் பாலம்.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும். தெற்குக் கடல் புரளும். வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால் கதை தலைகீழ். வடக்குக் கடல் கொந்தளிக்கும். தெற்குக் கரைக்குத் தீவே மறைப்பாக நிற்கும்.

ஆகையால், காற்று திரும்பும்போது படகையும் இடம் மாற்றிக் கட்டுகிறார்கள். பாய் விரித்து ஓடிய காலத்திலும் அப்படித்தான். இயந்திரம் வந்த பிறகும் அப்படித்தான்.

படகை இடம் மாற்றுவது பெரிய வேலையா என்று கேட்கலாம். ஒரு குடும்பம் வீடு மாறுவது போன்ற வேலை அது. நங்கூரம், கயிறு, வலை, பாய், பருமல் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். பாலத்தின் கீழே நீவாடு இழுக்கும். பாய்மரத்தை இறக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். பெரிய படகு என்றால், பாலத்தின் தூக்குப் பகுதி திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1914-ல் கட்டிய பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 17 மீட்டர் உயரம் மேலே போகும். ஆனாலும் படகுக்காரர் நினைத்த நேரத்தில் அது திறக்காது. ரெயில் நேரம் பார்த்துத்தான் திறக்கும்.

"நாளைக்குப் போகலாம்"

இங்கேதான் வம்பு வருகிறது.

"இன்று மீன் நன்றாகப் படுகிறது. இன்னும் ஒரு நாள் வலை போட்டுவிட்டுப் போகலாம்" என்பார் படகுக்காரர். கடன் இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால், காற்றுக்குக் கடன் தெரியாது.

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் ஏராளமான படகுகள் உடைந்தன. அவை கடலுக்குப் போன படகுகள் அல்ல. துறையில் கட்டிக் கிடந்த படகுகள்! நெருக்கமாகக் கட்டிய படகுகள் ஒன்றோடு ஒன்று மோதினால், பலகை தாங்குமா?

முன்னறிவிப்பு வருவதால், இன்று பல உயிர்கள் தப்புகின்றன. அது பெரிய நன்மை. ஆனால், உயிர் பிழைத்தவர் மறுநாள் காலையில் எதை வைத்துப் பிழைப்பார்? படகு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

கயிறு குறுகினால் காப்பு இல்லை

இடம் மாற்றினால் மட்டும் போதாது. சரியாகக் கட்ட வேண்டும்.

தண்ணீர் இரண்டு பாகம் ஆழம் என்றால், நங்கூரக் கயிறு பத்துப் பாகமாவது விட வேண்டும். கெட்ட காற்றில் பதினாலு பாகம் வேண்டும். ஏன் தெரியுமா? கயிறு நீளமாகக் கிடந்தால், இழுப்பு தரையோடு தரையாக வரும். நங்கூரம் மண்ணைக் கவ்வும். கயிறு குறுகினால் இழுப்பு மேல்நோக்கி வரும். நங்கூரம் பெயர்ந்துவிடும். புயலில் கடல் மட்டமும் உயரும். நேற்றுப் போதுமாக இருந்த கயிறு இன்று போதாது.

நீளக் கயிறு விட்டால் படகு சுற்றி ஆடும். அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது?

வந்தவருக்கும் உரிமை உண்டு

வேறு ஊர்ப் படகு வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. "எங்கள் துறையில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இது நியாயம் அல்ல. இன்று வாடை வடக்குக் கரைக்காரரை விரட்டுகிறது. நாளைக்குக் கச்சான் தெற்குக் கரைக்காரரை விரட்டும். இன்று இடம் கொடுத்தவருக்கே நாளை இடம் கிடைக்கும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஐப்பசி பிறக்கும் முன்பே, இரண்டு கரைப் பெரியவர்களும் கூடிப் பேசட்டும். எந்தப் படகு எங்கே கட்டுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்யட்டும். பெண்களையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். வீட்டுக் கடனின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். அரசாங்கமும், அலை தடுக்கும் சுவரோடு நின்றுவிடாமல், உள்ளே ஆழமும் இடமும் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

படகுக்காரருக்கும் ஒரு வார்த்தை. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறினால், "புயல் எங்கோ தூரத்தில்தானே" என்று இருந்துவிடாதீர்கள். தூரத்தில் இருக்கும்போதே புறப்படுங்கள். காற்று முற்றிய பிறகு, படகைக் காப்பாற்றக் கடலில் இறங்காதீர்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் படகில் ஏற்றாமல் ரோடு வழியாக அனுப்புங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். வாடை வருமுன் படகைக் கட்ட வேண்டும்.

ஒரு நாள் மீன் போனால் மறுநாள் கிடைக்கும். படகு போனால்?