வெங்காயத்துக்குக் கத்திதான்

கயிறு இழுத்தால் காய் நறுக்கும் சாப்பர் இன்று பாத்திரக்கடைதோறும் கிடைக்கிறது. கேரட், பீட்ரூட் என்றால் அது நல்ல துணை. மணிக்கட்டு வலியோடு சமைப்பவர்களுக்கு மோட்டார் வைத்த சாப்பரைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆனால் வெங்காயத்தை எந்தச் சாப்பரிலும் போடாதீர்கள். கத்தி ஒரு வெட்டு வெட்டிவிட்டு நகர்ந்துவிடும். சாப்பரின் பிளேடோ வெட்டுப்பட்ட துண்டுகளையே திரும்பத் திரும்ப அடிக்கிறது. வெங்காயத்தின் செல்கள் உடையும்போதுதான் நொதிகள் வெளிப்பட்டுக் கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து, கண்ணைக் கரிக்கும் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவுக்கென்றே தனி நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். செல்கள் நசுங்க நசுங்க நெடி கூடும், நீரும் விடும். அந்த ஈரம் வற்றும்வரை வாணலியில் வெங்காயம் வேகுமே தவிர, வதங்கிச் சிவக்காது. பிரியாணிக்கு இது பெரிய இழப்பு. பீன்ஸ் பொரியலுக்கும் சாப்பர் ஒத்துவராது: ஒரே அளவாக அரிந்தால்தான் சேர்ந்தாற்போல் வேகும், சாப்பரில் பாதி தூளாகும், பாதி கட்டையாக நிற்கும். (சட்னிக்கு எப்படியும் அரைக்கத்தான் போகிறோம், அங்கே எதுவானாலும் சரி.) ஆகவே முதலில் ஒரு நல்ல கத்தியும் சாணைக்கல்லும் வாங்குங்கள். மழுங்கிய கத்தியும் வெங்காயத்தை நசுக்கத்தான் செய்யும். அழுத்தி வெட்டும்போது வழுக்கி விரலையும் பதம் பார்க்கும். அரிவதற்கு மரப்பலகை வேண்டும். கிரானைட் மேடைமேல் நேரடியாக வெட்டினால் கூர் சீக்கிரம் போய்விடும்.