ஒரு கையெழுத்துதானே, தம்பி?

எனக்குத் தெரிந்த பாண்டு மூன்று வகை. முதலாவது ஜேம்ஸ்பாண்டு. இரண்டாவது ஆபீஸில் லெட்டர் அடிக்கிற பாண்டு பேப்பர். மூன்றாவது, பி.காம். படிக்கும்போது மண்டையில் ஏற்றிய, ஆறு மாசத்துக்கொரு தரம் வட்டி தருகிற பாண்டு. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது வட்டி தராது. நம்மிடம்தான் அசலைக் கேட்கும். காலேஜ் பசங்களிடம் எழுதி வாங்குகிறார்களே, நன்னடத்தை பாண்டு, அதைத்தான் சொல்கிறேன்.

2019 ஜூனில் 'பஸ் டே' என்று பஸ் கூரை மேல் ஏறிய பசங்கள், பிரேக் போட்டதும் கொத்தாக ரோட்டில் விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாசமே அரும்பாக்கத்தில் பட்டாக்கத்தியோடு பஸ்ஸில் ரகளை. சென்னைப் போலீஸ் 'ரூட்டு தல'களை வரிசையாகக் கூப்பிட்டு பாண்டு எழுதி வாங்கியது. "நல்லா வேணும்" என்றார் என் பக்கத்து சீட் நண்பர். கத்தி எடுத்தவனுக்கு வேணும்தான் சார். கத்தி எடுத்தவனோடு போட்டோவில் நின்றவனுக்கு?

எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ஃபுட்போர்டில் பாட்டுப் பாடியதுதான் அவன் அதிகபட்ச சாகசம். "சும்மா ஒரு கையெழுத்துதான்னாங்கண்ணே, போட்டுட்டு வந்துட்டேன்" என்றான், ரேஷன் கார்டில் பேர் சேர்த்துவிட்டு வந்தவன் மாதிரி. "எதுல போட்டே?" "பேப்பர்லண்ணே." "பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு?" விழித்தான்.

இங்கேதான் விஷயமே. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் திட்டிவிட்டு எழுதி வாங்குகிற மன்னிப்புக் கடிதம் வேறு, சட்டப்படியான பாண்டு வேறு. இரண்டாவதைக் கேட்பவர் நிர்வாக மாஜிஸ்திரேட், அதாவது ஆர்.டி.ஓ., தாசில்தார் மாதிரியான அதிகாரி. போலீஸ் ரிப்போர்ட் தரும், அவர் விசாரிப்பார். இதற்குள்ள சட்டத்தின் பேர் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. (ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்கள் தாராளமாக வக்கீலுக்குப் படிக்கலாம்.) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவு இதில் 126, பழைய 110 இதில் 129.

நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த நம்பரைத்தான். 126 என்றால் 'அமைதியைக் கெடுக்கக்கூடும்' என்று சந்தேகம். பாண்டு அதிகபட்சம் ஒரு வருஷம். 129 என்றால் நீங்கள் குற்றத்தையே தொழிலாக வைத்திருப்பவர், அல்லது வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்தானவர். மூன்று வருஷம் வரை போகலாம். நடுவே மூன்றே நம்பர். அரியர்ஸ் தவிர வேறு எதையும் வழக்கமாக வைத்துக்கொள்ளாத பையன் மேல் 129 போட்டிருந்தால், சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் வயசு. பதினெட்டு முடியாமலே காலேஜில் சேருகிறவர்கள் உண்டு. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், 22-வது பிரிவில், பதினெட்டு ஆகாதவர் மேல் இந்த பாண்டு நடவடிக்கையே எடுக்கக்கூடாது என்கிறது. மார்க் ஷீட்டைத் தேடி எடுங்கள்.

வயசு ஆகிவிட்டதா? ஆனாலும் எடுத்த எடுப்பில் "போடு கையெழுத்து" என்று சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு முடியாது. என்ன தகவல் வந்தது, எவ்வளவு ரூபாய்க்கு பாண்டு, எத்தனை நாளைக்கு, எத்தனை பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றெல்லாம் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அதைப் படித்துக் காட்ட வேண்டும். ஆள் எதிரில் இல்லை என்றால் சம்மனோடு காப்பி அனுப்ப வேண்டும். பிறகு அந்தத் தகவல் நிஜமா என்று விசாரணை. சாட்சியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு செமஸ்டர் பரீட்சை என்றால், "நேரில் வர முடியாது, வக்கீல் ஆஜராக அனுமதியுங்கள்" என்று மனுப் போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு மாசத்தில் விசாரணை முடியாவிட்டால், விசேஷக் காரணம் எழுதி நீட்டித்தால் ஒழிய, நடவடிக்கை தானாகவே காலாவதி. விசாரணை முடிகிற வரைக்கும் இடைக்கால பாண்டு கேட்கலாம்தான்; ஆனால் விசாரணையையே ஆரம்பிக்காமல் கேட்கக்கூடாது என்று சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1970-லேயே சொல்லிவிட்டது. நம் தெருப் பையனின் அப்பா பிறந்திருப்பாரோ என்னவோ!

தொகையும் கண்டபடி இருக்கக்கூடாது. ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கே வழியில்லாதவனிடம் லட்சக்கணக்கில் கேட்டால் அதையே ஆட்சேபிக்கலாம். கடைசி உத்தரவு பாதகமாக வந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் உண்டு. வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற நம்பரில் போனிலும் விசாரிக்கலாம்.

"இத்தனை எதுக்குண்ணே? கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுதே" என்றான் பையன். எங்கே முடிந்தது? இது தண்டனை இல்லை; நிஜம்தான். ஆனால் மத்திய அரசு வேலை கிடைத்ததும் ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள். கைது ஆனதுண்டா, வழக்கு உண்டா என்கிற கேள்விகளின் நடுவில் ஒன்று: நீங்கள் எப்போதாவது 'பவுண்ட் டவுன்' செய்யப்பட்டதுண்டா? அதாவது இதே பாண்டு. இருபது வயதில் படிக்காமல் போட்ட கையெழுத்து இருபத்தைந்தில் எதிரே வந்து உட்காரும். சரி, 'இல்லை' என்று எழுதிவிட்டால்? அதுதான் பெரிய ஆபத்து. 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான்: சின்ன விஷயமாக இருந்தால் முதலாளி மன்னிக்கலாம், ஆனால் மறைத்தால் அதற்காகவே வேலையைப் பறிக்கலாம். 'ஆமாம்' என்று எழுதி, உத்தரவின் காப்பியையும் இணைப்பதுதான் உத்தமம். அதற்குக் காப்பி கையில் இருக்க வேண்டும். பையனை மறுநாளே காப்பிக்கு மனுப் போடச் சொன்னேன்.

பாண்டு எழுதிக் கொடுத்த பிறகு மீறினால் ஜெயில்வரை போகும். யார் அனுப்புவது என்பதில் ஒரு பெரிய சண்டை நடந்தது. போலீஸ் துணை கமிஷனர்களுக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்திருந்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அமைதி காப்பதாக எழுதிக் கொடுத்ததை மீறியவரை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் முன்னால்தான் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. பந்து போடுகிறவரே அம்பயராக நின்றால் எத்தனை விக்கெட் விழும், யோசியுங்கள்.

இது பஸ் விவகாரம். பெண் விவகாரம் வேறு. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியான பிறகு வந்த சட்டத்தை 2025 ஜனவரியில் திருத்தி, 'பாதுகாப்பு உத்தரவு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் பெண்ணை நேரிலோ, போனிலோ, எழுத்திலோ, மின்னணு வழியிலோ, இன்னொருவர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது என்று உத்தரவு போடலாம். மீறினால் அதுவே தனிக் குற்றம். நம் பசங்கள் மாட்டுவது கடைசி இரண்டில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு "ஸாரி" என்று ஒரே ஒரு மெஸேஜ். அல்லது "மச்சி, நீ போய்ப் பேசேன்" என்று நண்பனைத் தூது அனுப்புவது. சினிமாவில் இதற்கு ஒரு டூயட் வரும், இங்கே எஃப்.ஐ.ஆர். வரும். புகார் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் எதிரில், வக்கீல் மூலமாக. அவள் ஹாஸ்டல் வாசலில் இல்லை. பழைய மெஸேஜ்களை அழிக்கவும் வேண்டாம். நீங்கள் சொல்வது நிஜமானால் அதற்குச் சாட்சியே அவைதான். புகார் நிஜம் என்றால் இந்தப் பத்தியைப் படிப்பதை விட்டுவிட்டு அவளை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

கடைசியாக ஆபீஸ்வாசிகளுக்கு. அக்கா பையனுக்கு ஜாமீன் நிற்க உங்களைக் கூப்பிடுவார்கள். "பேருக்குத்தான் மாமா, ஒரு கையெழுத்து" என்பான். பையன் மீறினால் பாண்டில் எழுதிய தொகையை உங்களிடமும் வசூலிக்கலாம். எங்கள் பி.காம். பாஷையில் இதற்கு எதிர்பாராப் பொறுப்பு என்று பேர். பேலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பாகப் போடுவோம். நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வருஷம் பூராவும் அவன் எந்த பஸ்ஸில், எந்தப் படியில் போகிறான் என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருங்கள்.