ஏச்சு வாங்குவதும் கடமையா?

2025 மார்ச் 10 இரவு, அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடித்து விடுதிக்குத் திரும்பிய பெண் மருத்துவர் கத்திமுனையில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் பணிப்புறக்கணிப்பில் இறங்கியது, நாடே பேசியது. பேசவேண்டிய விடயந்தான். ஆனால் கோப்பாய் போன்ற ஒரு பிரதேச வைத்தியசாலையில் இரவுக் கடமையிலிருக்கும் தாதியோ சிற்றூழியரோ தூஷணத்தில் ஏச்சு வாங்கினால் எந்தச் சங்கமும் கதவடைப்பதில்லை. விடிந்ததும் அவரே அதை மறந்துவிட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடமையிலுள்ள அரச ஊழியரைத் தாக்கித் தடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவில் குற்றம். பாலியல் தொந்தரவுக்கு 345 இருக்கிறது. அது மேலதிகாரியையும் விட்டுவைப்பதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கி 2008இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2024 நவம்பர் 13இல் சென்னை கிண்டி அரச மருத்துவமனையில், ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். தண்டனை குத்து விழுந்த பிறகுதான் வருகிறது.

கோபம் எங்கே மூள்கிறது என்று பார்க்கவேண்டும். பிரதேச வைத்தியசாலையில் விசேட நிபுணர் இல்லை, ஸ்கான் இல்லை. நெஞ்சுநோவோடு வந்தவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றத்தான் வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரையான அந்த நேரத்தில், ஏன் அனுப்புகிறார்கள், எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால், வாசலில் நிற்கும் சிற்றூழியர்தான் முழு அரசாங்கமுமாகத் தெரிவார். சனத்தின் சினத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். 2024 யூலையில் சாவகச்சேரி வைத்தியசாலைக்கு முன் கூடிய கூட்டத்துக்குப் பின்னால் நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் குறையைத் தீர்க்க வல்லவர் ஒருவர், ஏச்சு வாங்குகிறவர் வேறொருவர்.

முறைப்பாடு ஏன் வருவதில்லை? ஏசியவர் அயலூர்க்காரர், நாளைக்குக் கோயில் வீதியிலும் சந்தையிலும் எதிர்ப்படுவார். பொலிசுக்குப் போனால் வழக்குத் தவணைக்கு லீவு போட்டு அலைய வேண்டியவரும் ஊழியர்தான். ஏசுகிறவர் உள்ளேயிருக்கும் மேலதிகாரியானால் கேட்கவே வேண்டாம்: இடமாற்றத்தை நினைத்தே வாய் அடைத்துவிடும். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டை நிறுவனமே தன் பெயரில் கொடுக்கவேண்டும். அடிபட்டவர் சாட்சியாக மட்டும் போகட்டும். மேலதிகாரிமீதான முறைப்பாடு அவருடைய மேசையைத் தாண்டி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு நேரே போகவேண்டும். இரவில் ஒருவரைத் தனியே விடக்கூடாது. இதற்கெல்லாம் புதுச்சட்டம் வேண்டியதில்லை, ஆளணி வேண்டும்.

மதில், கமரா, காவலாளி என்று கேட்பவர்கள் மருத்துவமாதுவை மறந்துவிடுகிறார்கள். அவருடைய வேலைத்தலம் ஒழுங்கையும் பிறர் வீடும். குடித்துவிட்டுப் படலையில் நிற்கும் ஆணைத் தாண்டித்தான் பிள்ளைபெற்றவளைப் பார்க்கப் போகவேண்டும். அப்படிப்பட்ட வீட்டைப் பதிவில் குறித்துவைத்து, அடுத்தமுறை இன்னொருவரையும் சேர்த்து அனுப்புவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் முடியாத காரியமல்ல.