சுருட்டுக்கு வேண்டியது பெட்டியில்லை, பதம்

எங்க ஊர்ப் பக்கம் புகையிலைக் காடு. திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற வழியில் தை, மாசி மாதம் வந்தீர்கள் என்றால் கார் கண்ணாடியை இறக்கும் முன்பே வாசனை உள்ளே வந்துவிடும். அதனாலேயோ என்னவோ, சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சொந்தக்காரப் பையன்கள் சிலர் ஒரு கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். "மாமா, வெளிநாட்டுச் சுருட்டு ஒரு பெட்டி வந்துச்சு. காய்ஞ்சு போகாம எப்படி வைக்கிறது? பிரிட்ஜ்ல வைக்கலாமா? அதுக்குன்னே மரப்பெட்டி விக்கிறான், வாங்கலாமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி வாங்குவது அப்புறம். கையில் இருப்பது ஒரு செடியின் இலை, அதற்கு ஒரு பதம் உண்டு என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அது தெரியாதவனுக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் உதவாது. தெரிந்தவனுக்கு அடுப்படியில் கிடக்கிற மூடி இறுகின டப்பா போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கொஞ்சம் கசப்பு, கடைசியில் சொல்கிறேன்.

புகையிலை காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். எங்கள் ஊரில் இது எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும். காய்ந்த இலையை உச்சி வெயிலில் யாரும் தொடமாட்டோம். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்குப் பனி இறங்கினதும் இலை துணி மாதிரி துவண்டு கிடக்கும். அந்த நேரம்தான் அள்ளுவது, அடுக்குவது, கட்டுவது எல்லாம். வெயில் ஏறினால் வேலை நின்றுவிடும். மார்கழிப் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் இலை அடுக்குவதைப் பார்த்திருந்தால், ஈரப்பதம் என்றால் என்னவென்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் அம்பாரம் போட்டுப் பாடம் பண்ணுவோம். அடுக்கின இலை உள்ளுக்குள் சூடாகும். கையை விட்டுப் பார்த்து, சூடு அதிகமானால் பிரித்து மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி அடுக்க வேண்டும். விட்டுவிட்டால் வெந்து கறுத்துப்போகும். ஈரம் கூடிப்போனால் பூசணம். குறைந்துபோனால் பாடமே ஏறாது, பச்சை நெடி போகாது. பதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன இடம்.

பாடம் முடிந்து சிப்பம் கட்டினால் வியாபாரி வருவார். ஒரு இலையை உருவி விரலில் சுற்றுவார், மடிப்பார், மோந்து பார்ப்பார். "ஈரம் இருக்கே" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு எடையில் ஒரு கழிவு, விலையில் ஒரு கழிவு. அடுத்த தடவை நல்லா காயவைத்துக் கொண்டுபோனால், "தூள் தட்டுதே" என்று அதற்கும் ஒரு கழிவு. நான் கொடுத்த இலையில் இருந்த அதே ஈரத்தைத்தான் ஊர் தாண்டிப் போனதும் மரப்பெட்டியில் வைத்து, மீட்டர் மாட்டிக் காப்பாற்றுகிறார்கள். என் வாசலில் குறையாக இருந்தது அங்கே தரமாகிவிடுகிறது. இதை வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். சுருட்டுக்கு உகந்தது காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம். சூடு 18 முதல் 21 டிகிரி வரை என்று வெளிநாட்டில் சொல்வார்கள். நம்ம ஊரில் வீட்டுக்குள் அந்தச் சூடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அவர்கள் எழுதி வைத்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது. அவர்கள் கவலை எல்லாம் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடு காய்ந்துபோவது. சென்னைவாசிக்கு நேர் எதிர்க் கவலை. கடற்காற்று அடிக்கிற ஊரில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில், சுவரே வியர்க்கும்போது சுருட்டுக்குத் தண்ணீர் காட்டினால் பூசணம்தான் பிடிக்கும். கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் பங்குனி சித்திரையில் காய்ச்சல் வேறு மாதிரி. இரவு முழுக்க ஏசி ஓடுகிற அறை என்றால் எந்த ஊராக இருந்தாலும் காய்ச்சல்தான். ஏசி காற்றில் உள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே சொட்ட விடுகிற எந்திரம் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் காற்றுப் புகாத டப்பாவே முதல் மருந்து. சாப்பாட்டுப் பொருள் வைக்கிற, ரப்பர் வளையம் வைத்த நல்ல டப்பா. பழைய ஊறுகாய் டப்பா வேண்டாம். எத்தனை கழுவினாலும் பெருங்காயம் விடாது, இலையும் அதைக் குடித்துக்கொள்ளும். அதற்குள் ஈரம் சமப்படுத்துகிற பொட்டலம் ஒன்று. 65 என்றும் 69 என்றும் எண் போட்டு விற்கிறார்கள். காற்று காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் கூடினால் இழுத்துக்கொள்ளும். நம்ம சூட்டுக்கு 65 போதும் என்பது என் எண்ணம். சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் பூசணத்துக்குக் கொண்டாட்டம். பொட்டலம் கல் மாதிரி இறுகினால் மாற்றிவிட வேண்டும். டப்பாவை வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளின, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். பிரிட்ஜ் மேல் வேண்டாம், அங்கே சூடு.

ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் வாங்கினால் அதை நம்பும் முன் சோதித்துவிடுங்கள். சோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கூழாகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு பையில் காற்றுப் போகாமல் கட்டி ஒரு நாள் வையுங்கள். பைக்குள் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகச் சொல்கிறது, கூட்டிக்கொள்ளுங்கள். உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் காற்றை அந்த அளவிலேயே நிறுத்தும். இயற்கையின் கணக்கு அது, கம்பெனிக்குக் கம்பெனி மாறாது.

பிரிட்ஜில் வைக்கலாமா என்றால், கூடாது. இப்போது வருகிற பிரிட்ஜ் எல்லாம் உள்ளே ஈரத்தை உறிஞ்சிவிடுகிற வகை. கீரையைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் என்ன ஆகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூடாமல் வைத்தால் காய்வதோடு மீன் குழம்பு வாசனையும் ஏறும். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு போட்டு வைக்கிற யோசனையும் சொல்வார்கள். அழுகுகிற பொருளைப் பக்கத்தில் வைத்தால் பூசணம் அதில் வந்து இதற்குத் தாவும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீர்தான். காய்ந்துபோன சுருட்டை மீட்க வேண்டுமானால் தண்ணீர் தெளிக்காதீர்கள். மேல் இலை சட்டென்று ஊதி வெடித்துவிடும். டப்பாவில் வைத்து இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். நீலமோ பச்சையோ படிந்து பஞ்சு மாதிரி முளைத்திருந்தால் துடைத்துப் பயன்படுத்த நினைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிரிட்ஜுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. சுருட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, பக்கத்தில் பொடி. இது புகையிலை வண்டு. வீட்டில் மஞ்சள், மல்லி, மிளகாய்த் தூளில் விழுகிற அதே வண்டுதான். முட்டை இலையிலேயே இருக்கும். 24, 25 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்க ஆரம்பிக்கும். அப்படியென்றால் நம்ம ஊரில் வருசம் பூராவும் அதற்குச் சீசன். நன்றாகக் கட்டின பையில் போட்டு மூன்று நாள் பிரீசர், பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டு, பிறகு வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேல் இலை விரிந்துவிடும்.

அந்த விலை உயர்ந்த பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே 'ஸ்பானிஷ் சிடார்' பலகை என்பார்கள். பெயர்தான் சிடார், அது வேப்பமரக் குடும்பம். அதே குடும்பத்தில் நம்ம மலைக்காடுகளில் சந்தன வேம்பு இருக்கிறது. அந்தப் பலகையிலும் சுருட்டுப் பெட்டி செய்திருக்கிறார்கள். பலகை வாசனைக்கும் ஈரத்தைச் சற்றே பிடித்து வைக்கவும் நல்லதுதான். ஆனால் மூடி சரியாக உட்காராத அலங்காரப் பெட்டியைவிட டப்பா மேல்.

சுருட்டு என்றதும் பையன்களுக்குக் கியூபாதான் ஞாபகம் வருகிறது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்துக் கண்டுபிடிப்பார் துப்பறிகிறவர். சர்ச்சிலுக்கு இங்கிருந்து சுருட்டு போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெயர் திருச்சிக்குப் போனாலும் இலை எங்கள் திண்டுக்கல் சீமையிலிருந்துதான் போனது. உறையூரில் வீட்டுக்கு வீடு சுருட்டு சுற்றின காலம் ஒன்று இருந்தது. இன்று ஊர்ப் பக்கம் சுருட்டு கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் கருப்பசாமிக்குப் படைக்கத்தான் வருகிறார்கள். சாமி மட்டும் பிராண்டு மாற்றவில்லை.

எங்கள் பெரியவர்கள் சுருட்டை எரவாணத்தில் செருகி வைப்பார்கள். கூரை ஓலை பகல் சூட்டைத் தடுக்கும், ராத்திரிப் பனியை உள்ளே விடும். வெற்றிலைப் பையில் வெற்றிலையோடு சேர்த்து வைப்பவர்களும் உண்டு, வெற்றிலையின் ஈரம் இதற்கும் கிடைக்கும். ஆனால் யாரும் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கவில்லை. சந்தைக்குச் சந்தை ஒரு கட்டு, அவ்வளவுதான்.

இப்போது கசப்பான விசயம். பதமாக வைத்த சுருட்டு பதமான சுருட்டு, அவ்வளவுதான். அது பத்திரமான சுருட்டு ஆகிவிடாது. "மாமா, இதை உள்ளே இழுக்கறதில்ல, வாயிலேயே வெச்சு விட்டுடறோம், சிகரெட் மாதிரி கெடுதல் இல்ல" என்று ஒருத்தன் சொன்னான். என் பெரியப்பாவும் உள்ளே இழுத்ததில்லை. கன்னத்தில் புண் வந்து, ஆறாமல், கடைசி ஆறு மாதம் கஞ்சி கூட இறங்காமல் போனார். உள்ளே இழுக்காத புகையும் வாயிலும் தொண்டையிலும் புற்றைக் கொடுக்கும். புகையிலையில் இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவு கிடையாது. பனி ஈரத்தோடு இலை ஒடிக்கிற பெண்களுக்கே தலைசுற்றி வாந்தி வரும். தோல் வழியாகவே ஏறுகிற நஞ்சு அது. கையில் படுவதே அப்படியென்றால் வாயில் வைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

"பிறகு ஏன்யா நீ விதைக்கிற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் கிணற்றில் பாதி உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பல பயிர் வராது, புகையிலை வரும். அதிலும் உப்புக் கிணற்று இலை சரியாக எரியாது, மெல்லுகிற புகையிலைக்குத்தான் போகும். நல்ல தண்ணீர் இலைதான் சுருட்டுக்கு. நான் பாதிக் காட்டை முருங்கைக்கு மாற்றிவிட்டேன். முருங்கை விலை கிலோ நூறும் போகிறது, ஐந்துக்கும் வருகிறது. புகையிலை அப்படி ஆட்டம் காட்டாது. விதைக்காதே என்று சொல்வது எளிது. உப்புக் கிணற்றுக்காரனுக்கு வேறு என்ன வழி என்று சேர்த்துச் சொன்னால்தான் அது யோசனை.

ஆகவே என் யோசனை இது. பிடிக்காதவர்கள் ஆரம்பிக்க வேண்டாம். பிடித்தே தீருவேன் என்பவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். டப்பாவில் இருபத்தைந்து இருந்தால் கை தானாகப் போகும். இரண்டு மட்டும் வாங்குங்கள். அதைச் சின்ன டப்பாவில், 65 பொட்டலத்தோடு, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். அடைத்த அறையில், வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் பற்றவைக்காதீர்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மீட்டருக்கும் மரப்பெட்டிக்கும் வைத்திருந்த காசு மிச்சம் இருக்குமே, ஊருக்கு வரும்போது ஒரு மூட்டை முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போங்கள். அதை மட்டும் தாராளமாகப் பிரிட்ஜில் வைக்கலாம்.