பெட்டியில் இடமில்லை, நாளில் இடமுண்டு

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய கணவருக்கு வயது 44. நான்கு ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு கண்டது. மருத்துவரின் சொற்படி உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றும், பத்துக் கிலோ டம்பெல் ஒரு சோடியும் வாங்கி, நாள் தவறாமல் அரை மணி நேரம் பயின்று, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். இப்போது குவைத்தில் ஒரு பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதங்களில் பயணம். “சைக்கிளைக் கொண்டுபோக வழியில்லை. அங்கே நால்வருக்கு ஓர் அறைதானாம். இத்தனை நாள் காத்த உடம்பு கெட்டுப்போகுமோ என்று அஞ்சுகிறேன்” என்று முடிகிறது மடல்.

சகோதரியின் அச்சம் வீண் அச்சமன்று. வெளிநாடு செல்பவரின் பயிற்சி பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நிற்பதில்லை, இங்கேயே நின்றுவிடுகிறது. சான்றிதழுக்கும் விசாவுக்கும் அலைச்சல், உறவினர் வீடுகளில் விருந்து, பின்னிரவு வரை பேச்சு, பிறகு பயணம், புதிய வேலை, புதிய அறை. “எல்லாம் ஒழுங்கானபின் தொடங்கலாம்” என்று எண்ணுவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். தசையின் வலு மெல்லத்தான் குறையும். ஆனால் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் கிட்டிய திறன் இரண்டு மூன்று வாரங்களிலேயே தளரத் தொடங்கும். நீரிழிவு உள்ளவருக்கு இடைவெளி இன்னும் விரைவாகத் தீங்கு செய்யும். உழைக்கின்ற தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பயன் ஏறக்குறைய ஒன்றிரண்டு நாள்களே நிலைக்கும். ஆகையால்தான் பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

அப்படியானால் சைக்கிள் இல்லாமல் என்ன செய்வது? தசைக்குச் சைக்கிளும் தெரியாது, இரும்பும் தெரியாது. தன்மேல் ஏறும் பாரம் ஒன்றே தெரியும். அந்தப் பாரத்தை நம் உடலே தர வல்லது. தண்டாலும் பஸ்கியும் எடுத்து வளர்ந்த நம் முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று. கனடா நாட்டு விமானப் படையும் 1950களின் இறுதியில் இதே வழியை நாடியது. வடகோடியிலிருந்த அதன் தளங்களில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வசதியில்லை. வீரர் பலரின் உடல்நிலையோ திருப்தியாக இல்லை. பில் ஆர்பன் என்னும் அறிஞர், கருவி எதுவுமின்றி ஓர் அறைக்குள் நாளொன்றுக்குப் பதினொரே நிமிடத்தில் முடிக்கத்தக்க ஐந்து பயிற்சிகளை வகுத்துக் கொடுத்தார். அவற்றுள் சில முதுகுக்கு உகந்தவையல்ல என இன்று விலக்கப்படுகின்றன. எனினும் சிறிய இடமும் குறித்த நேரமும் போதும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையும் கருவியைக் கேட்கவில்லை. வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பிலோ விரைவான நடையிலோ ஈடுபட வேண்டும். அதனுடன் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதே அதன் சுருக்கம். பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்று முன்னர் இருந்த வரையறையும் நீக்கப்பட்டுவிட்டது. ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

இனி, சகோதரியின் கணவர் செய்யத்தக்கது என்ன?

முதலாவது, சைக்கிளை விமான நிலையத்தில் அல்ல, இன்றே விட்டுப் பிரிய வேண்டும். புறப்படுவதற்கு முப்பது நாள்களுக்கு முன்பே கருவியில்லாப் பயிற்சிக்கு மாறிவிடுவது நலம். சொந்த வீட்டில் பழகாத ஒன்றை அயலூரில், அன்னியர் மூவர் உறங்கும் அறையில் தொடங்குவது எளிதன்று. பாய் விரிக்கும் இடம் ஒன்றைத் தரையில் குறித்துக்கொண்டு, அதற்குள் மட்டுமே பயிலட்டும்.

அந்தப் பாயளவு இடத்தில் ஐந்து பயிற்சிகள் போதும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து அமர்தல். பழகியபின் நாற்காலியை நீக்கிவிட்டால் அதுவே பஸ்கி. சுவரில் கை ஊன்றித் தண்டால். பின்னர் மேசை விளிம்பில், அதன்பின் தரையில். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தி இறக்குதல். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்றல். ஐந்தாவது, பாரம் தூக்கல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. தோள்பையில் ஆறு பாட்டில்களை நிரப்பி வைத்து, சற்றே முன்குனிந்து, முதுகை நேராக வைத்து, பையை விலாவரை இழுத்து இறக்கினால் விட்டுச்செல்லும் டம்பெல்லின் வேலையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. மூச்சை அடக்காமல், மெதுவாக. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இறங்கும் வேகத்தைக் குறைப்பது பயன் தரும். இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, நாள்தோறும் நடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பயணம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வோர்க்குக் கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் அறிவித்தது. அப்போதும் அது அரிதே. ஆயினும் தற்காப்பு எளிது. அவ்வப்போது எழுந்து நடப்பதும், அமர்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும், தண்ணீர் அருந்துவதும் போதும்.

மூன்றாவது, வெயில். குவைத்தின் மித்ரிபாவில் 2016 சூலை 21ஆம் நாள் 53.9 பாகை செல்சியசு வெப்பம் பதிவாகியது. சூன் முதல் ஆகஸ்டு முடிய முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவதையே அந்நாட்டு விதி தடுக்கிறது. நம்மூர் வெயிலில் வளர்ந்தவர் என்ற துணிவு அங்கே உதவாது. உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே கோடையில் நடையைக் கட்டடத்தின் படிக்கட்டிலோ, குளிரூட்டிய அங்காடி வளாகத்திலோ வைத்துக்கொள்வதே அறிவுடைமை. டிசம்பர், சனவரியில் காலை நடைக்குக் கடற்கரைச் சாலை இனிமையாக இருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் அருந்துவதும் சட்டப்படி குற்றமாதலால், அம்மாதத்தில் நடையை இரவுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

நீரிழிவு உள்ளவர்க்கு மேலும் சில சொற்கள். புறப்படுமுன் மருத்துவரைக் கண்டு, மாறவிருக்கும் வேலை நேரத்தையும் பயிற்சியையும் விளக்கி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றினால் உடனே உட்கொள்ளச் சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். காலுக்குப் பொருந்திய காலணியும், இரவுதோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் வழக்கமும் தேவை. நெஞ்சில் வலியோ இறுக்கமோ கண்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். “நாளை பார்ப்போம்” என்பது கூடாது.

கடைசியாக, வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டிலிருக்கும் கணவரிடமும் பிள்ளையிடமும் தொலைபேசியில் நாம் கேட்பவை எவை? “சாப்பிட்டாயா?” என்போம். “பணம் எப்போது வரும்?” என்போம். சீட்டுத் தவணையைச் சொல்வோம்; தங்கையின் திருமணச் செலவைச் சொல்வோம். “இன்று நடந்தாயா?” என்று கேட்பவர் எத்தனை பேர்? அந்த உடலின் உழைப்பை நம்பித்தான் இங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. அதனினும் மேலாக, ஒருநாள் அவர் நலமாகத் திரும்பி வந்து நம்மோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பிரிவையும் தாங்குகிறோம்!

ஆகவே, சகோதரியே, அந்தச் சைக்கிளை விற்றுவிடாதீர்கள். குவைத்தில் காலை ஐந்தரை மணி ஆகும்போது நம்மூரில் எட்டு மணி. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டபின் அதே நேரத்தில் தாங்கள் அதில் ஏறி மிதியுங்கள். அங்கே அவர் பாயளவு இடத்தில் பயிலட்டும். முடிந்ததும் இருவரும் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஏற்ற முடியாத இரும்பு இங்கேயே இருக்கட்டும். நாளில் ஒதுக்கிய அந்த அரை மணி நேரம் மட்டும் அவருடன் போகட்டும். அதற்கு எடையுமில்லை, சுங்கமுமில்லை.