மாலை சுமக்கவோ மாணவர்?

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பள்ளிக்கு வருகின்றார் எனில் அங்கு நடப்பது என்ன? ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியவர் பதினொன்றரை மணிக்கு வருகின்றார். அதுவரை ஆறாம் வகுப்புச் சிறுமியர் பூத்தட்டு ஏந்தி வெயிலில் நிற்கின்றனர். தலைமையாசிரியர் பொன்னாடையும் கையுமாக வாயிலுக்கும் மேடைக்கும் அலைகின்றார். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய மிதிவண்டியைத் தம் வீட்டுப் பொருளை ஈவார்போல் உறுப்பினர் எடுத்து நீட்டுகின்றார், பெறுகின்ற பிள்ளை குனிந்து வணங்குகின்றது, படம் பிடிக்கப்படுகின்றது. அன்று வகுப்பு நடவாவிடினும் பாடம் ஒன்று நடந்தேவிட்டது. ஆள்வோர் கொடுப்போர், நாம் வாங்குவோர். அவர் மேடையில் இருப்பவர், நாம் கீழிருந்து கைதட்டுபவர் என்பதே அப்பாடம். நூலிற் படித்த குடிமையியல் மறந்துபோகும். வெயிலில் நின்று கற்ற இது மறவாது.

இம்முறை தலைகீழாக வேண்டும். உறுப்பினர் மாணவரைக் காண வருவது விழா. மாணவர் உறுப்பினரைக் காணச் செல்வதே கல்வி. அதுவும் பூத்தட்டோடன்று, தாமே ஆய்ந்து, தம் மொழியில், தம் கையால் எழுதிய வினாத்தாளோடு செல்லுதல் வேண்டும்.

உடனே எழும் மறுப்பு எல்லாரும் அறிந்ததே. “மாணவர்க்கு அரசியல் எதற்கு?” என்பர். அரசியல் வேறு, கட்சியியல் வேறு என்பதைப் படித்தவரும் உணரவில்லையே! கட்சிக்கொடி பிடிப்பது கட்சியியல். தம் ஊர் ஏரியின் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதேன் என்று அவ்வூர்க்குப் பேராளராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் வினவுவது அரசியல். முன்னதைப் பள்ளிக்குள் விடலாகாது. பின்னதைப் பள்ளியில் கல்லாமல் வேறெங்குக் கற்பது? பதினெட்டு அகவையில் வாக்குரிமை என்பது 1989 முதல் நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளி வாயிலைக் கடந்த ஓராண்டிற்குள் தன் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கப் போகின்றான். இருபத்தைந்து நிரம்பினால் தானே அப்பொறுப்பிற்குப் போட்டியிடலாம். அத்தகையவனைப் பார்த்து ‘உனக்கெதற்கு அரசியல்’ என்பது, மறுநாள் ஆற்றைக் கடக்க வேண்டியவனிடம் நீச்சல் எதற்கு என்பதனை ஒக்கும்.

மாணவர்க்கு அரசியல் எதற்கென்று தமிழ்நாட்டில் கேட்பதுதான் பெருவியப்பு. 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர் யாவர்? அடியும் சிறையும் பட்டவர் யாவர்? மாணவரல்லரோ? அப்போராட்டத்தில் தலைநின்ற மாணவருள் ஒருவரான பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரிற் காமராசரையே 1,285 வாக்கு மிகுதியில் வென்று சட்டமன்றம் புகுந்தார். காமராசரின் தொண்டை மறுப்பார் எவருமிலர். ஆயின் மாணவர் குரலுக்கு அவையிற் செவி இல்லையெனில் அக்குரல் எங்குச் சென்று ஒலிக்கும் என்பதற்கு அத்தேர்தலே சான்று. அதன்பின் கூடிய பேரவையே 1967 சூலை 18-இல் இம்மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் சூட்டத் தீர்மானித்தது. 1968 சனவரி 23-இல் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தெருவில் தொடங்கிய மாணவர் குரல் அவைக்குள் சென்று முடிவாயிற்று. இவ்வரலாற்றை வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கின்றனர்?

உத்திரமேரூரை மட்டும் எல்லாரும் சொல்லுகின்றனர். முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவது மெய்யே. அவ்வூர் அந்தணர்க்கு ஈந்த ஊர் என்பதையும், அவ்வவைக்கு வேண்டப்பட்ட தகுதிகளுள் ஆரிய மறைப் பயிற்சி ஒன்றாயிருந்தது என்பதையும், உழுது பயிரிட்டவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் மேடையில் முழங்குவோர் விட்டுவிடுவர். குடத்திலிருந்து ஓலையெடுக்கும் வழக்கம் அதனினும் மிகப் பழையது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டே அதனை உவமையாகக் காட்டுகின்றது. இருக்கட்டும். அக்கல்வெட்டில் மாணவர் கற்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரலாகாது. அவன் உறவினரும் வரலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் கல்லிற் பொறித்த இந்நெறியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவன், தன் தொகுதி மேம்பாட்டிற்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் கோடிக்கணக்கான உருபாவிற்குக் கணக்குக் கேட்டால் அது மட்டும் அடங்காமையாகி விடுகின்றதே!

கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். மாணவர் கூட்டமாய்ச் சென்று ‘எங்கட்கு அது வேண்டும், இது வேண்டும்’ எனக் கையேந்தின் அது மற்றொரு வகை இரத்தலே. எது எவர் கையிலுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஊர்த்தெரு விளக்கு ஊராட்சியைச் சார்ந்தது. அதற்குச் சட்டமன்ற உறுப்பினரை நாடுவது அறியாமை. நீர்ப்பாசனம், பொதுநலவாழ்வு, வேளாண்மை ஆகியன மாநிலப் பட்டியலில் உள்ளன. அவற்றை அவரிடமே கேட்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் இடம் ஒழிந்து கிடப்பது மாநில அரசின் பொறுப்பு. ஆனால் கல்வி என்னும் துறையோ, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்கு ஈர்க்கப்பட்டது. அதனை மீட்க நீங்கள் அவையிற் பேசியதுண்டா, எந்நாளில் பேசினீர்கள் என்று பதினாறு அகவைப் பெண்ணொருத்தி நேர்நின்று கேட்பாளாயின், அவ்வினா ஆயிரம் சுவரொட்டிகளுக்கு நிகராகும்.

அவைக்குள் வினா எவ்வாறு செல்கின்றது என்பதனையும் காட்ட வேண்டும். பேரவை கூடும் நாளில் முதலில் வருவது வினா நேரம். உடுக்குறியிட்ட வினாவிற்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாய் விடை கூறுவார். குறியிடாத வினாவிற்கு எழுத்தில் விடை வரும். முறையீடுகளை ஆய்வதற்கென்றே பேரவையில் ஒரு குழுவும் உண்டு. 234 உறுப்பினருள் தம் உறுப்பினர் எத்தனை வினாக்கள் விடுத்தார் என மாணவர் கணக்கெடுக்கட்டும். பார்வையாளர் மாடத்தில் அமரவைத்து, கோட்டையின் முகப்பில் படமெடுத்துக்கொண்டு, கடற்கரையில் சுண்டல் வாங்கித் தந்து திருப்பியழைத்து வருவது சுற்றுலாவேயன்றிக் குடிமைக் கல்வியாகாது.

இனி மொழி. ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பப்படும் தமிழ்ப் பிள்ளைக்கு, தன் உறுப்பினர்க்கு ஒரு பக்கம் பிழையின்றி எழுதத் தமிழ் வருமா? வரவில்லை எனில் அவன் என்ன கற்றான்? ஆள்வோரை வினவ இயலாத நாவும் நாவோ? ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்தது. பேரவையில் உறுப்பினர் தமிழிற் பேசுகின்றனர், மகிழத்தக்கதே. ஆனால் அவ்வவை இயற்றும் சட்டத்தின் முடிந்த வடிவமாக எது கொள்ளப்படுகின்றது? அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை ஆங்கில வடிவமே! மாநிலம் தன் மொழியிற் சட்டம் இயற்றினும், ஆளுநர் பெயரால் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே சான்றாக நிற்கும். தமிழன் தேர்ந்தெடுத்த தமிழன், தமிழிற் பேசி, தமிழனுக்காக இயற்றிய சட்டத்திற்குத் தமிழ் மூலம் சான்றாகாதாம்! இதனை ஏன் பொறுத்திருக்கின்றீர்கள் என்பதும் மாணவரின் தாளில் ஒரு வினாவாக இடம்பெறட்டும். பல உறுப்பினர்க்கே இது புதுச் செய்தியாய் இருக்கக்கூடும். அவரும் சிறிது கற்றுக்கொள்வதிற் குற்றமில்லை.

ஆசிரியர் அஞ்சுகின்றனர். இடமாற்றம் வரும், குறிப்பாணை வரும் என்கின்றனர். அச்சம் பொய்யன்று. இவ்வாசிரியரே ஒருகாலத்தில் தம் பேராளரைத் தாமே மேலவைக்குத் தேர்ந்தனுப்பினர். 1986-இல் மேலவை ஒழிந்ததோடு அவ்வாயிலும் அடைந்தது. ஆயினும் பாடநூலில் உள்ளதை நேரிற் காட்டுவதற்கு எச்சட்டம் தடை? கட்சி பாராது, ஆளுங்கட்சியாயினும் எதிர்க்கட்சியாயினும் தொகுதி உறுப்பினர் எவரோ அவரிடம், பெற்றோர் இசைவோடு, பள்ளியின் பெயரால், முன்கூட்டியே நாள் கேட்டுச் சென்றால் குறைகூற இடமேது? பத்து மாணவர் போதும். பொன்னாடை வேண்டா. ‘ஐயா’ என விளித்தல் போதும். அடைமொழி அடுக்க வேண்டா. காலில் விழுதல் அறவே கூடாது. மூன்றே வினாக்கள், அவையும் முன்பே வகுப்பில் ஆய்ந்து, தூய தமிழில் எழுதப்பட்டவை. மறுமொழியை மாணவர் அங்கேயே எழுதிக்கொண்டு, உறுப்பினர்க்குப் படித்துக் காட்டி, அவர் கையொப்பம் பெற்று வரட்டும்.

அத்தாளை வகுப்புச் சுவரில் ஒட்டி, செய்வதாகச் சொன்னவற்றிற்கு நேரே நாளைக் குறித்து வைக்கட்டும். அந்நாள் கடந்தும் வரத்துக்கால் தூர்ந்தே கிடந்தால், அதே பத்துப் பேரும் அதே தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் செல்லட்டும்.